களிமண்ணில் பெருக்க மரம்

பெருக்க மரம் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத்தான். கிள்ளானில் வானம் ஊற்றுவதே அதற்கு அதிகம். வந்த தண்ணீரை வேரடியிலிருந்து எப்படி வெளியேற்றுவது என்று கேளுங்கள் என்பேன்.

பொந்தன்புளி, பப்பரப்புளி, ஆனைப்புளி என்றெல்லாம் தமிழ்நாட்டில் பெயர் பெற்ற இந்த மரம் ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. மாதக்கணக்கில் மழை இல்லாத நிலம் அது. மழைக்காலத்தில் பஞ்சு போன்ற தன் அடிமரத்தில் நீரைச் சேர்த்துக்கொண்டு, வறட்சி தொடங்கியதும் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். நம் மக்கள் வாழும் பகுதிகளில் இது ஊன்றிக்கொண்ட இடங்களும் அப்படிப்பட்டவைதான். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19.5 மீட்டர், உயரமோ 7.5 மீட்டர்தான். 1477-இல் அரபு வணிகர்கள் நட்டது என்று அங்கே சொல்வார்கள். யாழ்ப்பாணத்து நெடுந்தீவிலும் ஒன்று பேர்போனது. இரண்டுமே ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மண்.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சராசரிக் கணக்குப்படி, 100 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் மாதமே இங்கே கிடையாது. சிங்கப்பூரில் ‘கார்டன்ஸ் பை த பே’ பூங்காவினர் பெருக்க மரங்களைக் குளிர்ந்த, உலர்ந்த காற்றுள்ள கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்திருப்பதைப் பார்த்தால், ஈரக்காற்று இந்த மரத்துக்கு எவ்வளவு அந்நியம் என்று புரியும். ஆனால் மனம் தளர வேண்டியதில்லை. பினாங்கில், மெக்காலிஸ்டர் சாலையும் ரெசிடென்சி சாலையும் சந்திக்கும் முனையில் ஒரு பெருக்க மரம் இன்றும் திறந்தவெளியில் நிற்கிறது. பிரிட்டிஷ் அதிகாரி கேப்டன் ஸ்பீடி 1871-இல் நட்டது என்பது வரலாறு. பினாங்கிலும் மழைக்குக் குறைவில்லை. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ஓரளவு வறட்சி உண்டு. அந்த ஓய்வு மரத்துக்குக் கிடைக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த ஓய்வை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

முதல் இடைஞ்சல் மண். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பிறகு, செங்கல்லால் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குச் செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். செங்கல்லுக்கு ஏற்ற களிமண் பெருக்க மரத்தின் வேருக்கு ஆகாது. கிள்ளான் பக்கம் கடலோரக் களி. அது இன்னும் மோசம், ஒரு மழைக்குப் பிறகு நாள்கணக்கில் ஈரம் விடாது. அதனால் தோட்டத்து மண்ணை நான் தொட்டியில் போடுவதே இல்லை. பாதிக்கு மேல் கரட்டு ஆற்றுமணல், உடைத்த செங்கல் துண்டு, கருக்கிய நெல் உமி, ஒரு கைப்பிடி மக்கிய உரம், அவ்வளவுதான். நர்சரிகளில் தென்னைநார்த் தூளில் வைத்துத் தருவார்கள். அது நீரைப் பிடித்து வைக்கும். வாங்கி வந்த வாரத்திலேயே செடியை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் கேட்டுப் பாருங்கள், கன்று அவ்வப்போது கிடைக்கும். ஊரிலிருந்து வருகிற உறவினரிடம் விதையைப் பெட்டிக்குள் போட்டு வரச் சொல்லாதீர்கள். விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். நோய்க்கிருமி தொற்றி வரக்கூடாது என்பதற்கான சட்டம் அது, மதிக்க வேண்டியது.

முறைப்படி விதை கிடைத்தால் அதன் தோல் கல் மாதிரி இருக்கும். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். ஊதியதை மணலில் ஊன்றலாம். ஊதாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். முளைத்து வரும் முதல் இலைகள் ஒற்றையாக இருக்கும். வேறு விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பிடுங்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்து விரல் விரித்த இலை பின்னால்தான் வரும். அதற்குள் மண்ணுக்கடியில் முள்ளங்கி போல ஒரு வேர் பருத்திருக்கும். அந்த வேரைக் காப்பாற்றினால் செடியைக் காப்பாற்றியது மாதிரி.

இலை உதிர்வதுதான் பலரைக் கலங்க வைக்கிறது. இங்கே பருவம் தெளிவாக இல்லாததால் மரமும் குழம்புகிறது. என் செடிகளில் ஒன்று பிப்ரவரியில் மொட்டையாகும், பக்கத்துத் தொட்டியில் இருப்பது ஜூலையில். செத்துவிட்டதென்று பயந்து தண்ணீர் ஊற்றுவார்கள். செடி சாவது அந்தத் தண்ணீரால்தான். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத காலத்தில் தொட்டியை அஞ்சடி நகர்த்தி மழை படாத, ஆனால் வெயில் விழும் தாழ்வாரத்தில் வையுங்கள். புதுத் தளிர் எட்டிப் பார்க்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். அடித்தண்டை வாரம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மெத்தென்று அமுங்கி, புளித்த வாடை வந்தால் உடனே பிடுங்கி, அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டு நன்றாகக் காயும்வரை நிழலில் போட்டுவைத்துப் புது மணலில் நடுங்கள். எல்லாமே பிழைக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தவை பிழைக்கின்றன.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம். தேங்கும் நீர் வேருக்கும் கேடு. ஏடிஸ் கொசு பெருகினால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிப்பார்கள். அதைவிட, அண்டை வீட்டுக் குழந்தைக்கு டிங்கி வரும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் டுரியானைக் காட்டுவேன். டுரியான், கெக்காபு என்கிற இலவம், மலேசியாவின் தேசிய மலரான செம்பருத்தி எல்லாம் பெருக்க மரத்தின் குடும்பம்தான். அந்தி சாயும்போது விரிந்து ஓரிரவில் வாடும் அதன் பெரிய வெள்ளைப் பூ, வௌவாலுக்காகவே தலைகீழாகத் தொங்குகிறது. பத்துமலைக் குகை வௌவால்கள் டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இதே முறையில்தான். விதையிலிருந்து வளர்த்தால் பூ பார்க்கப் பல ஆண்டு ஆகும். ஒட்டுக்கன்று என்றால் சீக்கிரம். பருமனை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். பல தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மரமாகத் தெரிவதுண்டு. ஆப்பிரிக்காவின் மிக முதிய 13 பெருக்க மரங்களில் 9, 2005-க்குப் பிறகு முழுதாகவோ பகுதியாகவோ செத்துப்போயின என்று 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே இளம் மரங்களைப் பேணுவது இப்போது இன்னும் முக்கியமாகிறது.

தாமான் வரிசை வீட்டு வாசலில் மட்டும் இதைத் தரையில் நடாதீர்கள். கால்வாயும் சுவரும் தாங்காது. நகராட்சி ஒருநாள் வெட்டித்தான் போடும். வீட்டில் இடமில்லாதவர்கள் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளி வாரியமோ பெரிய திடல் வைத்திருந்தால், கட்டடத்திலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி, செங்கல் இடிபாடும் மணலும் கொட்டி மூன்றடி மேடு எழுப்பி, அதன் மேல் ஒரு கன்றை நடுங்கள். நட்டவர் பெயரையும் ஆண்டையும் ஒரு கல்லில் பொறித்து வையுங்கள், அடுத்த நிர்வாகத்துக்கு அது என்ன மரம் என்று தெரியட்டும்.