விளக்கொளியும் லேசர் ஒளியும்

கேள்வி: ஒரே நிறம், ஒரே பிரகாசம் என்றால் லேசர் ஒளிக்கும் விளக்கொளிக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், வந்து சேரும் விதம். 1956-இல் விஞ்ஞானிகள் ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் பாதரச விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரித்து அளந்தபோது, ஃபோட்டான்கள் கூட்டமாக வரும் போக்கு தெரிந்தது. பலர் நம்ப மறுத்தார்கள். லேசரில் அந்தப் போக்கு கிடையாது. ஒன்று வந்ததால் அடுத்தது வரும் வாய்ப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இதற்கான கணிதத்தை 1963-இல் இயற்பியலாளர்கள் கிளாபரும், சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்த சுதர்சனும் தந்தார்கள். 2005 இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிளாபருக்குப் போனது, சுதர்சனுக்கு இல்லை. அது அநீதி என்றே நான் கருதுகிறேன். 1977-இல் இன்னொரு வியப்பு: சோடியம் அணு உமிழும் ஃபோட்டான்கள் இடைவெளி விட்டு வந்தன. ஒளியை வெறும் அலையாகக் கொண்டு இதை விளக்கவே முடியாது.