ஐம்பதுக்கு மேல் பூக்கடை

கேள்வி: 55 வயதில் ஆசிரியப் பணியை விட்டுப் பூக்கடை வைக்க எண்ணுகிறேன், உசிதமா? — வாசகி, திருநகர்.

பதில்: உசிதமே, அம்மையீர். வயது இதற்குத் தடையன்று. விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்லும் தேகபலமும், நெருக்கமாகத் தொடுக்கும் விரற்பயிற்சியுமே அவசியம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, அதிகாலையில் மொட்டாகப் பறிக்கப்பட்டு அன்று அந்தியிலேயே மலர்ந்துவிடுவதாலும், மார்கழிப் பனியில் விளைச்சல் குன்றி விலை பன்மடங்கு ஏறுவதாலும், முகூர்த்த நாட்களின் தேவையை முன்கூட்டியே கணித்து, விற்குமளவே கொள்முதல் செய்பவருக்குத்தான் லாபம் நிலைக்கும். அருகே திருப்பரங்குன்றத்தில் விவாகங்கள் மிகுதி என்பது தங்களுக்குப் பெரிய அனுகூலம். ஆயினும் சேமிப்பு முழுவதையும் முதலாகப் போட வேண்டாமென்று வற்புறுத்திச் சொல்வேன். அனுபவமுள்ள பூக்காரம்மா ஒருவரிடம் சில மாதம் அமர்ந்து, கதம்பமும் மணமாலையும் கைவந்த பிறகு கடைக்கு முன்பணம் கொடுங்கள்.