பழைய வாட்ச் வாங்கப் போகிறீர்களா? இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்!

மாமனார் காலத்து எச்எம்டி வாட்சுக்கு இப்போது ஏக மவுசு. கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று 2014-ல் செய்தி வந்ததுமே பலரும் தேடித்தேடி வாங்க ஆரம்பித்தார்கள். 2016-ல் மத்திய அரசு மூடும் முடிவையே எடுத்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள்கூட சாவி வாட்ச் கேட்கிறார்கள். இதுதான் சமயம் என்று நாலு உடைந்த வாட்சைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்து, டயலுக்குப் பெயின்ட் அடித்து, ‘ஆன்டிக்’ என்று தலையில் கட்டுகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். பணம் கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் வீட்டு பீரோவைத் துழாவுங்கள். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் எச்எம்டி வாட்ச் தயாரிப்பு தொடங்கியது பக்கத்தில் இருக்கும் பெங்களூரில்தான். நம் தர்மபுரிப் பக்கம் மாப்பிள்ளை வாட்ச், ரிட்டயர்மென்ட் வாட்ச் என்று எத்தனையோ வீடுகளில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். நின்றுபோனதற்குப் பெரும்பாலும் ஒரு சர்வீஸ் போதும், யார் கை மாறி வந்தது என்ற கவலையும் இல்லை.

2. பழைய வாட்சுக்கு எல்லாப் பக்கமும் சேர்ந்துதான் வயசாகும். ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் முலாம் போய்ப் பித்தளை பல்லிளிக்கிறது, டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல மின்னுகிறது என்றால் அந்த டயல் மறுபடி பெயின்ட் அடித்ததுதான். லேசாக மஞ்சளித்த, ஓரத்தில் புள்ளி விழுந்த டயலைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், விலை அதற்குத்தான்.

3. லென்ஸ் வாங்கச் செலவு வேண்டாம், செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். அசல் டயலில் ‘17 ஜுவல்ஸ்’, ‘பாரா ஷாக்’ என்ற பொடி எழுத்துகள்கூட ஒரே கனத்தில், ஓரம் கூர்மையாக இருக்கும். மறுபடி அடித்ததில் மை ஊறித் தடித்திருக்கும், எழுத்து ஒருபக்கம் சாய்ந்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்காது. அவசரத்தில் அடிக்கிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் 6 மணிக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்துகளில்தான், அங்கே முதலில் பாருங்கள்.

4. ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரத்தச் சிவப்பு என்று ஒரே மாடல் பத்துக் கலரில் தொங்குகிறதா? நடையைக் கட்டுங்கள். பைலட் என்றால் நினைவுக்கு வருவது கறுப்பு டயலும் வெள்ளை எண்ணும்தான். அதையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால் மூன்றாம் குறிப்பை இங்கேயும் சோதியுங்கள்.

5. பெயருக்கும் வேலைக்கும் பொருத்தம் பாருங்கள். பழைய ஜனதா, பைலட், சோனா எல்லாம் தினமும் சாவி கொடுக்கிறவை, 17 ஜுவல்ஸ். காஞ்சன், ரஜத் போன்றவை ஆட்டோமேட்டிக், 21 ஜுவல்ஸ். பழைய சோனா டயலில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

6. பெரிய முள் நிமிடக் கோட்டைத் தொடவேண்டும், சின்ன முள் மணி எண்ணின் அடியை எட்டவேண்டும். ஒன்று குட்டையாகவோ வேறு நிறமாகவோ இருந்தால் அது வேறு வாட்சின் முள்.

7. நொடி முள்ளைக் கவனியுங்கள். சாவி வாட்சில் அது நொடிக்கு ஐந்தாறு சின்ன எட்டு வைத்து நகரும். நொடிக்கு ஒரு தாவல் தாவினால் உள்ளே பேட்டரி மிஷின்.

8. பின்மூடியைக் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள், மறுக்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். எச்எம்டி என்றால் உள்ளே மிஷின் மேலும் எச்எம்டி பெயர் செதுக்கியிருக்கவேண்டும். மிஷினைச் சுற்றி பிளாஸ்டிக் வளையமோ மடித்த காகிதமோ அண்டக்கொடுத்திருந்தால், அந்தக் கூட்டுக்கு அந்த மிஷின் சொந்தமில்லை. திருகாணித் தலைகள் தேய்ந்து கீறியிருந்தால் பல கை பட்டது என்று சொல்லி விலையைக் குறைக்கலாம்.

9. வெளிநாடு போனவர்கள் கொண்டுவந்த சீக்கோ 5 வாட்சை மடக்குவது சுலபம். பின்மூடியில் 7009 அல்லது 6119 என்று தொடங்கும் எண் இருந்தால், அந்த நாலு இலக்கம்தான் மிஷினிலும், டயலின் அடியோரப் பொடி எழுத்திலும் இருக்கவேண்டும். தனியாக உள்ள ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ‘எழுபத்தஞ்சு மாடல்’ என்று கடைக்காரர் அளக்கும்போது முதல் இலக்கம் 5-தானா என்று பாருங்கள்.

10. எழுபதுகளின் வாட்ச் இருட்டில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது புதுப் பூச்சு. சுவிஸ் டயலின் அடியில் ‘டி’ எழுத்து இருந்தால் டிரிட்டியம், அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். அதைவிடப் பழையவற்றில் நிஜ ரேடியமே இருக்கலாம், சுரண்டவே கூடாது. குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.

11. ‘அறுபதுகளின் டைட்டன்’ என்று எதையாவது காட்டினால் நம்பாதீர்கள். டைட்டன் தொடங்கியதே 1984-ல், தொழிற்சாலை ஓசூரில். 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை ஓசூர் நம் தர்மபுரி மாவட்டம்தானே, நமக்கே காது குத்தலாமா!

12. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல். முழு ஸ்டீல் வாட்ச் விலை கொடுத்துவிடாதீர்கள்.

13. ஆன்லைனில் வாங்கினால் மிஷின் படம், பின்மூடியின் உள்பக்கப் படம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அன்றைய செய்தித்தாள் மேல் வைத்து எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. வேறு எங்கோ சுட்ட படமா என்பது தெரிந்துவிடும்.

14. பிளாஸ்டிக் கண்ணாடியில் லேசான கீறலா? வெள்ளை டூத்பேஸ்ட்டை மெல்லிய துணியில் தொட்டு, சாவிப் பக்கம் ஈரம் படாமல் வட்டமாகத் தேயுங்கள். கண்ணாடி மாற்றும் செலவு மிச்சம்.

15. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘டயலைத் தொடவேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று ஆசை காட்டுவார்கள். டயலுக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் அசல் வாட்சும் பாதி விலைக்குப் போகாது.

16. பேட்டரி வாட்சைக் கட்டாமல் பீரோவில் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்து மிஷினை அரித்துவிடும். சாவி வாட்சுக்கு அந்தத் தொல்லை இல்லை, மாதத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிட்டால் போதும்.