தெருவில் கிடந்த தீப்பெட்டிகள்

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறப் போகும்போது என் கண் தரையில்தான் இருக்கும். இருபது வருடப் பழக்கம். கோவில்பட்டியில் நான் போகிற வழியெல்லாம் டீக்கடைகள். கடை வாசலில் மிதிபட்டு, பாதி நனைந்து, டீச்சக்கையோடு ஒட்டிக் கிடக்கும் காலித் தீப்பெட்டியை எடுத்துத் துடைத்து, என்ன படம் என்று திருப்பிப் பார்க்கிறேனே, அந்த ஒரு நொடிக்காகத்தான் தினமும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன். மயிலா, பூட்டா, ரோஜாவா, ரயிலா? ஏற்கெனவே என்னிடம் இருப்பதா, இல்லாததா? இல்லாதது என்றால் அன்றைக்கு முதல் பீரியடிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், டீச்சர் சந்தோஷமாக வந்திருக்கிறார் என்று.

எங்கள் பக்கத்துக்குச் சோறு போட்டது தீப்பெட்டிதான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் அதன்பிறகு வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை வந்தது. அம்மா பகலில் தீப்பெட்டியாபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்குவாள். ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவாள். மைதாப் பசை காய்ச்சும் வாசம் இன்றைக்கும் எங்கே வந்தாலும் எனக்குத் தூக்கம் வரும். அந்த வாசத்தில்தான் தினமும் கண்மூடினோம்.

சின்ன வயதில் எங்களுக்குத் தீப்பெட்டிப் படங்கள்தான் விளையாட்டுப் பணம். மண்ணில் வட்டம் போட்டு, நடுவில் படங்களை வைத்து, தட்டைக் கல்லால் அடித்து வெளியே தள்ள வேண்டும். ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் படத்துக்கு மதிப்பு ஐந்து. எங்கோ வெளியூர்க்காரர் போட்டுவிட்டுப் போன படம் என்றால் நூறு. வீடு நிறைய லேபிள் கட்டுக் கட்டாக இருந்தாலும் அதை எடுத்து விளையாடக் கூடாது. அது முதலாளியுடையது, எண்ணிக் கொடுத்தது. தெருவில் கிடப்பது மட்டும்தான் நம்முடையது. இந்த விதியை அம்மா போட்டாள், இன்றுவரை அதை நான் மாற்றவில்லை.

மீறிப் பார்த்தது ஒரே ஒரு முறை. சிவகாசியில் அச்சகத்தில் வேலை செய்யும் உறவினர் ஒருவர், என் ஆசையைக் கேள்விப்பட்டு, மடங்காத புது லேபிள்களாக முந்நூறு கொண்டுவந்து கொடுத்தார். அத்தனையும் பளபளப்பு. நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது எந்தப் படமும் மனதில் நிற்கவே இல்லை. ஆனால் தெருவில் எடுத்த ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த வெயிலில், யார் பக்கத்தில் நிற்கும்போது கிடைத்தது என்று சொல்லிவிடுவேன். சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விலைக்கு வாங்காதீர்கள், கேட்டும் வாங்காதீர்கள். தேடி எடுங்கள்.

எங்கே தேடுவது? டீக்கடை வாசல் தினசரிக்கு. கோயில் வாசலில் சூடம் கொளுத்தும் இடத்தில் நல்ல நிலையில் கிடைக்கும், யாரும் மிதித்திருக்க மாட்டார்கள். தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் மறுநாள் விடிகாலையில் தெருக்கூட்டுகிறவர்கள் வருவதற்குள் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம் நான்கு வழிச்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடைகள். வடநாட்டு லாரிகள் அங்கே நின்று போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தி எழுத்தில் பெயர் போட்ட பெட்டி ஒன்று கிடைத்தது. ஆரஞ்சுப் பின்னணியில் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்று ஆசையாகத் திருப்பினேன். பக்கவாட்டில் பொடி எழுத்தில் தயாரித்த ஊர்: கோவில்பட்டி. எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அடைத்த பெட்டி, வடக்கே போய், யாரோ ஒரு டிரைவர் சட்டைப் பையில் ஏறி, பீடிக்கும் ஸ்டவ்வுக்கும் குச்சி கொடுத்து முடித்து, பிறந்த ஊர் எல்லையிலேயே வந்து விழுந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

எடுக்கும் இடத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். பழைய அட்டை, பாட்டில் பொறுக்கி எடைக்குப் போட்டுப் பிழைக்கிறவர்கள் நமக்கு முன்னால் அந்தத் தெருவுக்கு வருகிறார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் குவியலில் நாம் கை வைக்கக் கூடாது. நமக்கு ஆசை, அவர்களுக்குச் சாப்பாடு. பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்படிப் பொறுக்கும் ஒரு அண்ணாச்சி என்னைப் பல மாதம் கவனித்துவிட்டு, “யக்கா, படம் போட்ட பெட்டிதான வேணும்? நான் ஒதுக்கி வைக்கேன்” என்றார். வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. வாரம் ஒரு முறை அவரோடு டீ குடித்துக்கொண்டே இருவரும் படம் பார்ப்போம். அவர் தருவதையும் தெருவில் கிடைத்ததாகவே கணக்கில் வைத்திருக்கிறேன், அவரும் குனிந்துதானே எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளே குச்சி மிச்சம் இருந்தால் எடுத்துவிடுவது. பெட்டிப் பக்கவாட்டில் பூசியிருப்பதில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது, குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசினால்தான் தீ. காலிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்டு வைக்கிற டப்பாவில் மறந்துபோன ஒரு குச்சி கிடந்தாலும் ஆபத்து. காகிதம் நிறைந்த அலமாரியில் இந்த விஷயத்தில் அலட்சியமே கூடாது.

இப்போது வரும் அட்டைப் பெட்டியைத் தண்ணீரில் போடாதீர்கள், அட்டை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். நனைந்து கிடைத்தால் நிழலில் காயவிட்டு, ஒட்டிய விளிம்பில் மெல்லிய கத்தியைக் கொடுத்துத் திறந்து, இரண்டு செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்ற வேண்டும். வெயிலில் காயவைத்தால் சிவப்பு முதலில் வெளுக்கும். மரச்சீவலில் செய்த பழைய பெட்டியில் ஒட்டிய லேபிள் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டால் போதும், பசை தானாக விடும். நீலத்தாள் சுற்றிய பெட்டியைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் இறங்கி மற்றதைக் கெடுக்கும். பின்பக்கப் பசையை விரலால் தடவி முழுக்கக் கழுவிவிடுவது முக்கியம். மைதா ஒட்டியிருந்தால் ராமபாணப் பூச்சி வரும். நோட்டுக்கு நடுவே வசம்புத் துண்டு வைத்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தவறு செல்லோடேப். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை நோட்டில் டேப் போட்டு ஒட்டினேன். சில வருடத்தில் டேப் மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் இறங்கி, எல்லாம் போயிற்று. அதில் வானொலிப் பெட்டி படம் போட்ட ஒன்று இருந்தது, அப்புறம் அது கண்ணில் படவே இல்லை. இப்போது காகிதத்தில் முக்கோணம் வெட்டி, நான்கு மூலையையும் அதில் செருகுகிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதியும் இடமும்.

படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பொடி எழுத்தையும் படித்தால்தான் இதன் ருசி தெரியும். விலையே வயதைச் சொல்லிவிடும். 25 பைசாவாக இருந்த பெட்டி 1995-ல் 50 பைசா ஆனது, 2007-ல் ஒரு ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் வந்ததாக இருக்கலாம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972-க்கு முந்தியதல்ல. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜில்லாவையும் பாருங்கள். சாத்தூரும் சிவகாசியும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம். பிரிந்த அன்றே எல்லாக் கம்பெனியும் அச்சை மாற்றியிருக்காது, அதனால் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் ஒரு விரல் நீளக் காகிதத்தை வைத்து இவ்வளவு சொல்ல முடிகிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான்கு பெட்டிகளைக் கொடுத்து வயது வரிசையில் அடுக்கச் சொல்வேன். மாவட்டம் பிரிந்த வருடங்களை அதன்பிறகு யாரும் மறந்ததில்லை.

இப்போதெல்லாம் குனிந்தால் பிளாஸ்டிக் லைட்டர்தான் அதிகம் கிடக்கிறது. தீப்பெட்டி குறைந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்க ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டு. ஆனால் கிடைக்காத நாளிலும் அந்த நடை நடைதான்.

போன வருடம் சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு அடுத்த தெருவில் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். விளக்கு மாடத்தோடு சேர்ந்து விழுந்திருந்த சுவர்த் துண்டு. கரிப்பிடித்த மாடத்துக்குள் மண்ணோடு மண்ணாக ஒரு மரப்பெட்டி. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேஸ்திரியிடம் கேட்டு, ஏறி எடுத்தேன். நீலத்தாள் பாதிக்கு மேல் போய்விட்டது. லேபிளில் இரட்டைக் கிளி, கீழே ஊர் சாத்தூர், ராமநாதபுரம் ஜில்லா. விலை இருக்கும் மூலை கிழிந்திருந்தது. அடிப்பெட்டியை இழுத்தேன், வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கொஞ்சம் கரையான் மண்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கிளியை அவள் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கிக் கட்டைவிரலால் நான்கு மூலையையும் மெதுவாகத் தடவினாள். தாள் மடிந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினாள்.

“கையால ஒட்டுனது. இந்த மூலையில பசை கூடிப் போச்சு பாரு. அவசரத்துல ஒட்டியிருக்கா. பிள்ளை அழுதிருக்கும்.”