மரவள்ளி மாவில் ஒரு பிளாஸ்டிக்: "மக்கும்" என்ற சொல்லைச் சோதிப்போம்

தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலூர் மாவட்டக் கரையில் கடலைச் சேர்கின்றன. எங்கோ வீசப்படும் பை மழைவெள்ளத்தோடு இக்கரைக்கு வந்துவிடும். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022 முதல் ராம்சார் ஈரநிலம். அதன் மூச்சுவேர்களில் இத்தகைய கழிவு எளிதில் சிக்கிக்கொள்ளும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை உள்ளது. "மக்கும்" என்று அச்சிட்ட பைகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். ஏழாம் வகுப்பில் பலபடி வேதியியலைக் கற்பிக்கும்போது இச்செயல்பாட்டைச் செய்யலாம். தொடக்க வகுப்புகளுக்குப் புதைத்துப் பார்க்கும் பகுதி மட்டும் போதும்.

தேவையானவை

மரவள்ளி மாவு (ஸ்டார்ச்) 10 கிராம், தண்ணீர் 60 மி.லி., வெள்ளை வினிகர் 5 மி.லி., கிளிசரின் 5 மி.லி., எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டு.

மாவை மாணவர்களே எடுக்கலாம். கிழங்கைத் தோல் நீக்கித் துருவி, தண்ணீரில் கரைத்துத் துணியில் பிழிந்து, ஒரு மணி நேரம் தெளிய விட்டால் அடியில் வெண்மாவு தங்கும். பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள்கள் உள்ளன. அதை வாயில் வைக்கக் கூடாது. கைகளை நன்கு கழுவ வேண்டும்.

செய்முறை

1. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறவும். அடுப்பை ஆசிரியரே கையாள வேண்டும்.
2. பால்நிறம் மாறிக் கண்ணாடிபோலக் கெட்டியானதும் தட்டில் மெல்லியதாகப் பரப்பவும்.
3. இரண்டு, மூன்று நாள் நிழலில் உலர்த்தி உரித்தெடுக்கவும்.
4. கிளிசரின் சேர்க்காமல் இன்னொரு தாள் செய்து ஒப்பிடவும். அது மொறுமொறுவென்று உடையும்.

ஏன் இப்படி?

ஸ்டார்ச்சில் நேர்ச்சங்கிலியான அமைலோசும் கிளைச்சங்கிலியான அமைலோபெக்டினும் உள்ளன. சூடேறும்போது மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்க, சங்கிலிகள் வெளிவந்து பின்னிக்கொள்கின்றன. வினிகரின் அமிலம் சில கிளைகளை வெட்டுவதால் தாள் சீராக அமைகிறது. கிளிசரின் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை வழுக்க விடுவதால் தாள் வளைகிறது.

புதைத்துப் பார்ப்போம்

நாம் செய்த தாள், செய்தித்தாள், பாலித்தீன் பை, "மக்கும்" என்று அச்சிட்ட கடைப்பை ஆகிய நான்கிலும் 5 செ.மீ. சதுரத் துண்டுகளை வெட்டவும். எடை பார்த்து, தனித்தனியே கொசுவலைத் துண்டில் கட்டவும். ஒரு தொகுதியை ஈரத் தோட்டமண்ணிலும், ஒன்றை உலர்மணலிலும், ஒன்றைக் கடல்நீர் நிரப்பிய புட்டியிலும் வைக்கவும். கடல்நீர் கிடைக்காவிடில் ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைக்கலாம். வாரம் ஒருமுறை எடுத்து, உலர்த்தி, எடையைக் குறிக்கவும். ஈரத்தோடு எடை போட்டால் கணக்கு தவறும். முடிவில் எல்லாத் துண்டுகளையும் மண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ஈரமண்ணில் ஸ்டார்ச் தாள் விரைவில் உருக்குலையும். நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் போன்ற நொதிகளை மண் நுண்ணுயிரிகளும் சுரக்கின்றன. பாலித்தீனின் கார்பன் சங்கிலியில் அந்நொதிகள் வெட்டும் பிணைப்பு இல்லை. உலர்மணலில் ஸ்டார்ச் தாளே அப்படியே கிடக்கலாம். ஆகவே பொருளைப் போலவே இடமும் முக்கியம்.

கடைப்பைகள் பலவற்றில் ஸ்டார்ச்சுடன் வேறு பலபடிகளும் கலந்திருக்கும். உரமாக மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரநிலை, சுமார் 58 டிகிரி செல்சியசில் இயங்கும் உர ஆலைச் சூழலை மனத்தில் கொண்டது. பிச்சாவரத்துச் சேறு உர ஆலை அன்று. பாலித்தீனில் ஸ்டார்ச் கலந்த பையில் ஸ்டார்ச் மட்டும் மக்கும். பாலித்தீன் துண்டு துண்டாக எஞ்சும்.

கலந்துரையாட

• நம் தாளில் சூடான சாம்பார் கட்ட முடியுமா? மழையில் என்னவாகும்?
• உணவாகும் கிழங்கைப் பைக்குப் பயன்படுத்தலாமா? சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளின் திப்பி உதவுமா?
• மக்கும் பையா, பலமுறை பயன்படும் மஞ்சப்பையா: எது சிறந்தது? அட்டவணையைக் காட்டி வாதிடுக.

மாணவர் தாம் எடுத்த அளவீட்டைக் கொண்டு பேசுகிறாரா என்பதையே மதிப்பீட்டில் பார்க்க வேண்டும். தாள் அழகாக வராவிட்டாலும் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.