பத்துக் கைகளும் மூன்று சிவப்பு அட்டைகளும்

ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும்: "எல்லா நாடும் ஏத்துக்கிட்ட உரிமைன்னா, ஏன் சார் எல்லாருக்கும் கிடைக்கலை?" அதற்காக ஒரு செயல்பாட்டை வகுப்பில் செய்து வருகிறேன்.

15 மாணவர்கள் ஐ.நா. பாதுகாப்பு அவையாக அமர்வார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம், சீனா ஆகிய நிரந்தர உறுப்பினர்களிடம் மட்டும் சிவப்பு அட்டை இருக்கும். அதுதான் வீட்டோ. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்து நீக்கக் கோரி, 1974 அக்டோபரில் வந்த தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவேன். பத்துக் கைகள் உயரும். இருவர் வாக்களிக்க மாட்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் அட்டையைத் தூக்கும். தீர்மானம் தோற்றுவிடும். அன்று நடந்ததும் இதுவே.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்தாள். "பலம் இருக்கிறவங்க சொல்றதுதான் நடக்கும்னா, இந்தப் பாடத்தை எதுக்கு சார் படிக்கணும்?" என்னிடம் உடனடிப் பதில் இல்லை. மறுநாள் கரும்பலகையில் காலக்கோடு வரைந்தேன்.

1946: தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதத்தை இந்தியா ஐ.நா. பொது அவையில் எழுப்பியது. அவர்களுள் தமிழர்களும் உண்டு.

1948: மனித உரிமைகள் பேரறிக்கைக்கு 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. வாக்களிக்காத 8 நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

1974: பாதுகாப்பு அவையில் வீட்டோ. அடுத்த மாதமே, வீட்டோ இல்லாத பொது அவை தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகளைப் பங்கேற்கவிடாமல் நிறுத்தியது.

1977: அதே பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதை ஒருமனதாகத் தடைசெய்தது.

1994: அனைத்து இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல்.

"1974இல் அட்டை தூக்கிய மூன்று நாடுகளும் 1977இல் ஏன் தூக்கவில்லை?" என்று கேட்டு, இடையில் 1976 ஜூன் 16 என்று எழுதினேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பயிற்றுமொழியாகத் திணித்ததை எதிர்த்து, சோவெட்டோவில் பள்ளி மாணவர்கள் ஊர்வலம் சென்ற நாள் அது. காவல்துறை அவர்கள்மீது சுட்டது. அந்தச் செய்தி உலகெங்கும் பரவியபின், நிறவெறி அரசுக்குத் துணைநிற்பது வல்லரசுகளுக்கே சங்கடமாயிற்று. "நம்ம வயசுப் பிள்ளைங்களா சார்?" என்றான் ஒருவன். வகுப்பு அமைதியானது.

அந்த மாணவி மட்டும் 1946க்கும் 1994க்கும் இடையே கணக்குப் போட்டாள். "48 வருஷம் சார். அதுக்குள்ள செத்துப்போனவங்களுக்கு?"

அந்தக் கேள்வியை அழிக்காமல் காலக்கோட்டின் கீழேயே எழுதிவைத்தேன். வல்லரசு நினைத்ததே நடக்கும் என்றோ, நியாயம் தானாக வெல்லும் என்றோ நாம் பாடத்தை முடித்துவிடக் கூடாது. உரிமை கிடைத்த ஆண்டோடு, அது தாமதமான ஆண்டுகளையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.