ஒரு பேர், அரைப்பேர், முழுப்பெயர்

நம் மலைநாட்டுத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தாய் தகப்பன் ஆசையோடு இட்ட பெயர் ஒன்று. கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடும் பேர் மற்றொன்று. நாள் முழுதும் வேலை செய்து, குறித்த அளவு கொழுந்தும் நிறுத்துக் கொடுத்தால் ‘ஒரு பேர்’. கிலோ குறைந்தால் பல தோட்டங்களில் ‘அரைப்பேர்’. வேலைக்குப் போகாத நாளில் பேரே இல்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இச்சொற்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு மனிதனின் பெயரையும் அவனுடைய ஒரு நாள் கூலியையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்பது சிந்தனைக்குரியது. நம் முன்னோர் யார் என்பதைப் பிறர் எழுதிய தாள்களே பல காலம் தீர்மானித்தன. நம் பிள்ளைகள் அறிய வேண்டிய அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகப் படிப்போம்.

1. கடனைச் சுமந்த துண்டு

நம் மக்கள் முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே அன்று அதிகம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் பரவிக் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். எனவே தனி ஆளாக வந்து போனவர்கள் குடும்பமாகத் தங்கினர், லயங்கள் நிலைத்தன.

வந்தவர் ஒவ்வொருவர் தலையிலும் கடன் இருந்தது. வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இந்தக் கடனைத் தீர்ப்பவரிடம் இந்த ஆட்களை அனுப்பச் சம்மதம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதில் ஆளை விடக் கடனே முக்கியம். இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

2. கழுத்தில் தொங்கிய தகரம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகர டிக்கட்’ முறை வந்தது. ஊரிலிருந்து புறப்படும் தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயணம் செய்தார்கள். வழிச்செலவு அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. எழுத்தறியாத ஒருவர் வழி தவறாமல் போய்ச் சேர அது உதவியது உண்மையே. ஆயினும் அந்த வில்லையில் பெயருக்கு இடம் இருக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

3. தகப்பன் பிறந்தது எங்கே?

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தான் இங்கே பிறந்ததாகச் சொன்னால் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்த பலருக்குத் தங்கள் பிறப்பைக் காட்டவே பத்திரம் இல்லை. தகப்பனின் பிறப்புக்கு எங்கே போவது?

1949ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கே. அதே ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தம் பிரஜைகளல்லாதாரின் வாக்கையும் பறித்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு மறு நாடும் கிடைத்த கதைகள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியிருந்த நாடற்றோர் நிலையைத் தீர்த்தன. 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள்!

4. அம்மாவின் கூலி

தேயிலையின் வருமானம் பெரும்பாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்களில் இருக்கிறது. அப்படியிருந்தும் 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அவ்வாண்டு வேலைநிறுத்தத்தின் பயனாகவே சம கூலி வந்தது. ஆனால் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்ளும் வழக்கம் சட்டத்தால் வந்ததன்று, நாம் ஏற்படுத்தியது. அதை மாற்றப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை; குடும்பம் கூடினால் போதும்.

1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கினார். வேலையின் மதிப்பு செய்யப்படும் வேலை எத்தகையது என்பதிலிருந்து வருவதல்ல. அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதிலிருந்தே வருகிறது. இதன்படி பார்த்தால், கொழுந்து குறைந்த நாளில் கூலி குறையலாம், ஆள் குறைவதில்லை. அரைப்பேர் வாங்கி வரும் தாய் வீட்டில் முழுத்தாய்தான். இதைப் பிள்ளைகள் உணர வேண்டும்.

5. இன்று நம் கையில் உள்ளது

பிரஜாவுரிமை வந்துவிட்டது, பெயர்ச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து, செக்ரோலில் வீட்டுப் பெயர் என்று மூன்று பெயரோடு வாழ்பவர் உண்டு. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். ஆயுள் முழுதும் சேர்ந்த அந்தப் பணத்தை வாங்கப் போகும் முதிய வயதில், பெயர் பொருந்தவில்லை என்று அலைய நேருவது எவ்வளவு கொடுமை!

எனவே பெற்றோரே, இந்த வாரமே பெட்டியைத் திறந்து பத்திரங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் உள்ளனவா? பிழை இருந்தால், ஓய்வு பெறும் வரை காத்திராமல் இப்போதே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் திருத்துங்கள். பிறந்த குழந்தைக்குத் தாமதமின்றிப் பிறப்பைப் பதியுங்கள்; ஞானஸ்நானப் புத்தகத்திலும் அதே பெயரை அதே எழுத்தில் எழுதச் செய்யுங்கள். 15 வயது நிரம்பிய பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கத் தவறாதீர்கள். எழுத்தறிந்த இளைஞர்கள் தங்கள் லயத்து முதியவர்களின் பத்திரங்களைப் பார்த்துக் கொடுப்பதை ஒரு பணியாக ஏற்கலாம்.

நம் பாட்டன்மார் கழுத்தில் இலக்கம் கட்டி வந்தார்கள். பேரப்பிள்ளைகளின் பெயரையாவது பிழையில்லாமல் எழுதி வைப்போம்.

குடும்பத்தில் கலந்து பேச:

1. நம் குடும்பத்தில் முதலில் இந்நாட்டுக்கு வந்தவர் யார்? எந்த ஊர்? எந்தத் தோட்டம்? பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

2. 1964க்குப் பின் இந்தியா சென்ற உறவினர் எங்கே இருக்கிறார்கள்? தொடர்பு உண்டா?

3. அம்மாவின் சம்பளம் யார் கையில் வருகிறது? அதை எப்படிச் செலவிடுவதென யார் தீர்மானிக்கிறார்கள்?